பந்திக்கு முந்தியவருக்கு இலை இல்லை

நோபல் பரிசுக்கு ஒன்பது முறை பரிந்துரைக்கப்பட்டவர் என்று ஒருவரைப் பற்றி நம் பத்திரிகைகள் வருஷக்கணக்கில் எழுதின. ஒன்பது! எட்டு இல்லை, பத்து இல்லை, கச்சிதமாக ஒன்பது. யார் யாரைப் பரிந்துரைத்தார்கள் என்ற விவரத்தை நோபல் கமிட்டி 50 வருஷம் பூட்டி வைக்கும் என்பது விதி. அப்படியானால் உள்ளே போய் விரல் விட்டு எண்ணிவிட்டு வந்தது யார்? ஸ்டாக்ஹோமில் அந்த நிருபருக்கு ஒரு மாமா இருந்திருக்க வேண்டும்.

ஆனால் இன்னொரு எண் சந்தேகமில்லாமல் தெரியும். கிடைத்த நோபல்: பூஜ்யம்.

ஆள் பெயர் எண்ணக்கல் சாண்டி ஜார்ஜ் சுதர்சன். உலகத்துக்கு இ.சி.ஜி. சுதர்சன். இனிஷியலிலேயே இ.சி.ஜி. இருப்பதால், அவர் கதையைப் படிக்கிறவர்களுக்கு நெஞ்சு கொஞ்சம் படபடத்தால் பயப்பட வேண்டாம். நோய் இல்லை, வயிற்றெரிச்சல்தான்.

1931 செப்டம்பர் 16, கோட்டயத்தை ஒட்டிய பள்ளம் என்ற ஊரில் பிறந்தார். இந்தத் தேதியைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு வில்லங்கம் வருகிறது. ‘மலையாளியை எப்படி சார் நம்ம கணக்கில் எழுதுவது?’ என்று கேட்பீர்கள். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் 1951-ல் ஆனர்ஸ், மறு வருஷமே சென்னைப் பல்கலைக்கழகத்தில் முதுகலை. தாம்பரத்திலிருந்து பீச்சுக்குப் போகிற ரயில் எங்கள் சைதாப்பேட்டையைத் தாண்டாமல் போக முடியாது. ஆகவே இந்தியாவின் குவாண்டம் இயற்பியல் எங்கள் ஊர் வழியாகத்தான் உலகத்துக்குப் போனது. ஆதாரம் கேட்காதீர்கள். அந்த ஒன்பதுக்கு மட்டும் என்ன ஆதாரம் காட்டினார்கள்?

அடுத்து பம்பாய், ஹோமி பாபாவின் டாட்டா ஆராய்ச்சி நிலையம். அங்கே பால் டிராக் வந்து குவாண்டம் பாடம் நடத்தினார். அதைக் குறிப்பெடுத்துத் தொகுத்த இரண்டு இளைஞர்களில் ஒருவர் நம் சுதர்சன். டிராக் எப்பேர்ப்பட்டவர்? நண்பர்கள் ‘ஒரு மணி நேரத்துக்கு ஒரு வார்த்தை’ என்பதையே ஓர் அலகாக வைத்து அதற்கு ‘டிராக்’ என்று பெயர் சூட்டிக் கிண்டல் செய்தார்கள். நோட்ஸ் எடுப்பவனுக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடைப்பாரா! கூலி மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்தது. 2010-ல் டிராக் பெயரிலான பதக்கம். ஐம்பத்தைந்து வருஷம்தான்.

1955-ல் அமெரிக்காவில் ராச்செஸ்டர் பல்கலைக்கழகம், ராபர்ட் மார்ஷக்கின் மாணவர். அப்போது இயற்பியல்காரர்களின் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது வீக் ஃபோர்ஸ். பெயர்தான் வீக். சூரியன் எரிவதே இதன் தயவில். அணுக்கருவுக்குள்ளிருந்து எலெக்ட்ரான் துள்ளி வெளியே வருவதும் இதன் கைங்கரியம். இந்த விசைக்குக் கணிதப்படி ஐந்து வேஷங்கள் உண்டு: எஸ், வி, டி, ஏ, பி. இதில் எது அசல் முகம்? லேபுக்கு ஒரு பதில் வந்தது. ஒரு லேப் டி என்றது, இன்னொன்று ஏ என்றது. எல்லாரும் சத்தியம் செய்தார்கள்.

சுதர்சன் அத்தனை சோதனை முடிவுகளையும் மேஜை மேல் பரப்பினார். எல்லாவற்றுக்கும் ஒத்துவருகிற விடையே கிடையாது என்று தெரிந்தது. நீங்களும் நானும் என்ன செய்திருப்போம்? வேறு தலைப்பு கேட்டு கைடிடம் போய் நின்றிருப்போம். இந்த 25 வயசுப் பையன் சொன்னது: ‘விடை வி மைனஸ் ஏ. நான்கு சோதனைகள் இதற்கு ஒத்துவரவில்லை. அந்த நான்கும் தப்பு. திரும்பச் செய்யச் சொல்லுங்கள்.’ இன்னும் டாக்டர் பட்டம்கூட வாங்கவில்லை. அதற்குள் நாலு லேபுக்கு நோட்டீஸ்!

பிற்பாடு நான்கையும் திரும்பச் செய்தார்கள். நான்கும் தப்பு.

இத்தோடு கதை முடிந்து நோபல் வந்திருந்தால் நான் எழுதவும் நீங்கள் படிக்கவும் ஒன்றுமில்லை. நல்லவேளையாகப் பெரிய மனிதர்கள் குறுக்கே வந்தார்கள்.

1957 ஏப்ரலில் உலகத்து இயற்பியல் ஜாம்பவான்கள் எல்லாம் கூடும் மாநாடு. எங்கே? ராச்செஸ்டரில். நடத்துவது யார்? மார்ஷக்கேதான். கல்யாணம் நம்ம வீட்டில், சமையல் நம்ம அடுப்பில். ஆனால் மாணவன் மேடை ஏறக் கூடாது என்பது சம்பிரதாயம். சரி, மார்ஷக் பேசலாமே? அவர் ஏற்கெனவே வேறு தலைப்பில் பேச ஒப்புக்கொண்டிருந்தார். நம் வீட்டு மாநாட்டில் நாமே இரண்டு தடவை மைக்கைப் பிடித்தால் நன்றாகவா இருக்கும்? கௌரவம் தடுத்தது. அங்கே விசிட்டிங் பேராசிரியராக இருந்த பி.டி. மேத்யூஸ் என்ற வெள்ளைக்காரர் இந்த விஷயத்தை எழுந்து சொல்வதாக ஏற்பாடு. அவர் சொல்லவில்லை.

இந்த மேத்யூஸ் பிறந்த ஊர் எது தெரியுமா? ஈரோடு. நிஜமாக, நம் ஈரோடுதான். தமிழ் மண்ணுக்கு சுதர்சன் பட்ட கடனில் ஒரு பகுதி அன்றைக்கே வட்டியோடு கழிந்துவிட்டது.

அடுத்த காட்சி ஜூலை மாதம், கலிபோர்னியா, சாண்டா மோனிகா. மதிய சாப்பாட்டு மேஜையில் மார்ஷக், சுதர்சன், எதிரே மர்ரே கெல்-மான். இருபத்தேழு வயசு, உலகத்தில் தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்பதில் அசைக்க முடியாத நம்பிக்கை. அதில் பாதிக்கு மேல் உண்மை என்பதுதான் மற்றவர்களின் துரதிர்ஷ்டம். மேஜையில் வி மைனஸ் ஏ முழுசாகப் பரிமாறப்பட்டது. கெல்-மான் இதைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதப் போவதில்லை என்ற நம்பிக்கையோடு மார்ஷக் எழுந்து கை கழுவினார். கையோடு வேறு எதைக் கழுவினோம் என்று அப்போது தெரியவில்லை.

அந்தக் கோடையில் ரிச்சர்ட் ஃபெய்ன்மேன் பிரேசிலில் இருந்தார். திரும்பி வந்ததும், வி-யும் ஏ-யும் சாத்தியம்தான் என்று கெல்-மான் சொல்வதாக, இருவரும் வேலை பார்த்த கால்டெக்கின் சோதனைக்காரர்கள் அவர் காதில் போட்டார்கள். மனிதர் துள்ளிக் குதித்து, ராத்திரியெல்லாம் கணக்குப் போட்டார். உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாத ஓர் இயற்கை விதி தனக்கு மட்டும் தெரிந்த ஒரே தருணம் அது என்று பிற்பாடு தன் புத்தகத்தில் உருகி உருகிச் சொன்னார். வேறு யாருக்கும் தெரியாது! அந்த வேறு யாரோ இரண்டு பேர் அதே மாநிலத்தில் அதே மெனுவை கெல்-மானுக்குப் பரிமாறி ஏப்பம்கூட அடங்கவில்லை.

லீவிலிருந்து வந்த கெல்-மானுக்கு, ஃபெய்ன்மேன் தனியாக எழுதுகிறார் என்று தெரிந்ததும் மூக்கு விடைத்தது. ஒரே டிபார்ட்மெண்டில் இரண்டு சூரியன்கள் மோதக் கூடாது என்று துறைத் தலைவர் பஞ்சாயத்துப் பண்ணி, சேர்ந்து எழுதுங்கள் என்றார். எழுதினார்கள். அந்தக் கட்டுரை ஃபிசிகல் ரிவ்யூ பத்திரிகை அலுவலகத்தில் பதிவான தேதி 1957 செப்டம்பர் 16.

ஞாபகம் இருக்கிறதா? சுதர்சனின் 26-வது பிறந்த நாள். இதைவிட விலை உயர்ந்த பரிசை யாரும் யாருக்கும் கொடுத்ததில்லை, எடுத்ததும் இல்லை.

அந்தச் சமயத்தில் மார்ஷக் என்ன செய்துகொண்டிருந்தார்? இத்தாலியில் படுவா-வெனிஸ் மாநாட்டில் வி மைனஸ் ஏ-யை வாசிக்கக் கிளம்பியிருந்தார். வாசித்தார், கைதட்டினார்கள். மாநாட்டு மலர் அச்சாகி வந்தது 1958-ல். மாநாட்டு மலரை யார் படிப்பார்கள்? கட்டுரை எழுதியவர், அவர் மனைவி, புரூஃப் பார்த்தவர். அவ்வளவுதான். வெனிஸுக்குப் போக விமான டிக்கெட் எடுத்த நேரத்தில் ஒரு தபால் தலை வாங்கி ஒட்டியிருக்கலாம்.

இந்த வழக்கு எங்கள் சைதாப்பேட்டை கோர்ட்டுக்கு வந்திருந்தால் எப்படி நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

‘ஐயா, முதலில் கண்டுபிடித்தது என் கட்சிக்காரர்.’

‘பதிவு பண்ணின தேதி?’

‘பதிவு கொஞ்சம் லேட்டு ஐயா. ஆனா ஜூலையில சாப்பிடும்போது வாயால சொல்லிட்டாரு.’

‘சாப்பிட்ட பில்லு இருக்கா?’

‘எதிர்க்கட்சிக்காரர்தான் சாட்சி ஐயா.’

‘வாய்தா!’

வேடிக்கை என்னவென்றால் எதிர்க்கட்சிக்காரர் சாட்சிக்கூண்டில் ஏறி உண்மையையே சொல்லிவிட்டார். 1963-ல் ஃபெய்ன்மேன் பகிரங்கமாக ஒப்புக்கொண்டது இது: கண்டுபிடித்தவர்கள் சுதர்சனும் மார்ஷக்கும், விளம்பரப்படுத்தியவர்கள் தானும் கெல்-மானும், பூர்த்தி செய்தவர் இத்தாலிக்காரர் கபிபோ. கோர்ட்டில் இது போதும், கேஸ் ஜெயித்த மாதிரிதான். ஸ்டாக்ஹோமில் மட்டும் குற்றவாளி ஒப்புக்கொண்டாலும் தீர்ப்பு மாறாது.

1979-ல் வீக் ஃபோர்ஸையும் மின்காந்தத்தையும் ஒன்றாக முடிச்சுப்போட்டதற்காக கிளாஷோ, சலாம், வெய்ன்பெர்க் மூவருக்கும் நோபல். கட்டடத்துக்குப் பரிசு கொடுக்கிறீர்கள், கீழ்த்தளம் கட்டியவனை விட்டுவிட்டு மேல்மாடி கட்டியவர்களுக்குக் கொடுப்பது என்ன நியாயம் என்று சுதர்சன் பத்திரிகைக்காரர்களிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் கிருகப்பிரவேசத்துக்கு வருகிறவர்கள் யாராவது அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்த்திருக்கிறார்களா? மொட்டை மாடியில் நின்றுதான் போட்டோ எடுத்துக்கொள்வார்கள்.

இன்னும் இருக்கிறது. சுதர்சன் 1969 முதல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 1982-ல் அதே ஊர், அதே துறைக்கு ஒரு நட்சத்திரப் பேராசிரியரைக் கொண்டுவந்தார்கள். யார்? ஸ்டீவன் வெய்ன்பெர்க். மேல்மாடிக்காரர் கீழ்த்தளத்துக்காரரின் பக்கத்து அறைக்கே குடிவந்த கதை. இத்தனைக்கும் பல வருஷம் கழித்து, எல்லாவற்றுக்கும் சாவி வி மைனஸ் ஏ-தான் என்று எழுதியவரும் அதே வெய்ன்பெர்க். சாவி சரி, வீடு யார் பெயரில் பட்டா?

இப்போது வழக்கு எண் இரண்டு. 1960-ல் லேசர் வந்துவிட்டது. விளக்கு வெளிச்சத்துக்கும் லேசர் வெளிச்சத்துக்கும் என்ன வித்தியாசம், ஒளியைக் குவாண்டம் மொழியில் எப்படி எழுதுவது என்று தகராறு. ஹார்வர்டில் ராய் கிளாபர் 1963 பிப்ரவரியில் ஒரு கட்டுரை போட்டார். ஏப்ரலில் சுதர்சன் போட்டார். எந்த வகை ஒளியாக இருந்தாலும் பழைய ஒளியியலின் அச்சிலேயே எழுதிவிடலாம், ஒரே ஒரு நிபந்தனை, அதில் வருகிற ‘வாய்ப்பு’ சில சமயம் மைனஸாக இருக்கும் என்றார். மைனஸ் வாய்ப்பா? ‘நாளை மழை பெய்ய மைனஸ் 20 சதவீத வாய்ப்பு’ என்று நுங்கம்பாக்கம் வானிலை மையம் சொன்னால் எப்படி இருக்கும்? அந்த மைனஸ்தான் விஷயமே. மைனஸ் வந்தால் அது அக்மார்க் குவாண்டம் ஒளி. கட்டுரை வெளியான தேதி ஏப்ரல் 1. சிலர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள் போல.

கிளாபருக்கு அந்தப் பொது வடிவத்தின் மேல் முதலில் அவ்வளவு மரியாதை இல்லை. சில மாதத்தில் அவருடைய பெரிய கட்டுரை வந்தபோது அது ‘பி’ என்ற புதுப் பெயரோடு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. நியாயமாகவும் பேசுவோம். ஒளியின் குவாண்டம் கணக்குக்கு கிளாபர் போட்ட அடித்தளம் பெரிது. அவர் ஒன்றும் வெறும் கையோடு வந்தவர் இல்லை. பாடப் புத்தகங்களிலும் ‘கிளாபர்-சுதர்சன்’ என்று இரட்டைப் பெயராகவே இருக்கிறது. 2005-ல் நோபல் கமிட்டி அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்த பெயரை மட்டும் படித்தது. பரிசில் பாதி கிளாபருக்கு, மீதியை ஹால், ஹென்ஷ் என்ற இருவருக்கு ஆளுக்குக் கால்.

சுதர்சன் சும்மா இருக்கவில்லை. கமிட்டிக்குக் கடிதம் எழுதினார். அந்தப் பரிசு என் வேலைக்குத்தான் கொடுக்கப்பட்டது, எனக்குத்தான் கொடுக்கப்படவில்லை என்றார். ‘ஞானிகள் இப்படிப் பேசலாமா?’ என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. வேதாந்தம் பேசியவர், ஜே. கிருஷ்ணமூர்த்தியோடு உட்கார்ந்து உரையாடியவர், பற்றறுப்பதைப் பற்றி நன்றாகவே தெரிந்தவர். பாங்கில் பென்ஷன் வராவிட்டால் பற்றற்றவர்களும் மேனேஜரைப் போய்ப் பார்க்கத்தான் செய்கிறார்கள்.

பெயர் விஷயத்தில் இவருக்கு இருந்த ராசி தனி. ஒளியைவிட வேகமாகப் போகிற துகள் ஏன் இருக்கக் கூடாது என்று 1962-ல் இரண்டு சகாக்களோடு எழுதினார். 1967-ல் ஜெரால்ட் ஃபைன்பெர்க் அதற்கு ‘டாக்கியான்’ என்று பெயர் வைத்தார். ஊரெல்லாம் அந்தப் பெயர்தான். குழந்தை ஒருவருடையது, பெயர் சூட்டு விழா இன்னொருவருடையது. குழந்தை இன்னும் பிறக்கவில்லை என்பது வேறு விஷயம். இதுவரை யார் கண்ணிலும் அந்தத் துகள் படவில்லை.

1976-ல், வெளியுலகத்தோடு உரசிக்கொண்டே இருக்கும் குவாண்டம் அமைப்பு எப்படி மாறும் என்பதற்கு கோரினி, கொசாகோவ்ஸ்கி, சுதர்சன் மூவரும் ஒரு சமன்பாடு கொடுத்தார்கள். அதே வருஷம் சுவீடனில் லிண்ட்பிளாட் தனியாக அதையே கொடுத்தார். இன்றைக்கு முக்கால்வாசிப் பேர் சொல்வது ‘லிண்ட்பிளாட் சமன்பாடு’. மூன்று பேரின் பெயரைச் சொல்வதற்குள் மூச்சு வாங்குகிறது என்பது தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

1977-ல் பைத்யநாத் மிஸ்ராவோடு எழுதியதுதான் எனக்குப் பிடித்தது. சிதைந்து போகக் கூடிய ஒரு குவாண்டம் அமைப்பை விடாமல் கவனித்துக்கொண்டே இருந்தால் அது சிதையவே சிதையாது. அடுப்படியில் நிற்கிறவர்களுக்கு இதை நிரூபிக்க வேண்டியதில்லை. பால் பொங்குமா என்று பார்த்துக்கொண்டே நின்றால் அது பரம சாதுவாக இருக்கும், போனை எடுக்கத் திரும்பினால் ஸ்டவ்வெல்லாம் பால். நகர்கிற அம்பு எப்படி நகர்கிறது என்று கேட்டுக் குழப்பிய கிரேக்க ஆசாமி ஜீனோவின் பெயரை இதற்கு வைத்தார்கள். 1990-ல் அமெரிக்காவில் இட்டானோ, வைன்லாண்ட் குழுவினர் சுமார் ஐயாயிரம் பெரிலியம் அயனிகளை வைத்துச் சோதித்தார்கள். அடிக்கடி எட்டிப் பார்த்தால் மாற்றம் நின்றுபோகிறது. வருஷா வருஷம் அக்டோபரில் ஸ்டாக்ஹோமையே விடாமல் கவனித்துக்கொண்டிருந்த மனிதருக்குத் தன் தேற்றம் தனக்கே பொருந்தும் என்று தோன்றாமலா இருந்திருக்கும்?

இங்கேயும் ஒரு திருகல். இந்த யோசனை 1954-லேயே கம்ப்யூட்டர் பிரம்மா ஆலன் டூரிங்கின் தலையில் உதித்திருந்தது. அவர் நண்பர் எழுதிய கடிதம் ஒன்று அதற்குச் சாட்சி. ஆகவே ‘எனக்கு முன்னால் நீ’ என்று வழக்குப் போடுகிற உரிமை டூரிங்குக்கும் உண்டு. கீழ்த்தளத்துக்குக் கீழே எப்போதும் ஒரு பேஸ்மெண்ட் இருக்கும் போலிருக்கிறது.

சரி, சென்னைக்கு வருவோம். மயிலாப்பூர் லஸ்ஸில் ஏகாம்ர நிவாஸ் என்று ஒரு வீடு. அரசியல் சட்டத்தை வரைந்த குழுவில் இருந்த சர் அல்லாடி கிருஷ்ணஸ்வாமி ஐயரின் வீடு. அவர் மகன் அல்லாடி ராமகிருஷ்ணன் சட்டத்தை விட்டுவிட்டு இயற்பியலைப் பிடித்தார். வீட்டிலேயே மாணவர்களைக் கூட்டி செமினார் நடத்தினார். 1960-ல் நீல்ஸ் போர் வந்தார். குவாண்டம் உலகத்தின் பீஷ்மர் லஸ்ஸில் விருந்து சாப்பிட்டுவிட்டு, இந்தியாவில் தன்னைக் கவர்ந்தவை இரண்டு என்று பத்திரிகைகளிடம் சொன்னார். ஒன்று பம்பாயின் பிரம்மாண்டமான டாட்டா நிலையம், மற்றது மெட்ராஸில் ராமகிருஷ்ணனின் சின்னக் கூட்டம். கோடிக்கணக்கில் கட்டிய பாபாவையும் வீட்டு ஹாலில் பாய் விரித்தவரையும் ஒரே தராசில் வைத்துவிட்டார். பம்பாயில் அன்றைக்குக் காபி கசந்திருக்கும்.

அந்த ஒரு வாக்கியத்தை அல்லாடி விடுவாரா? அமைச்சர் சி. சுப்பிரமணியம் மூலம் சேதி நேரு வரைக்கும் போனது. 1961 அக்டோபரில் சென்னை வந்த நேரு மாணவர்களைப் பார்த்தார். 1962 ஜனவரி 3-ல் கணித அறிவியல் கழகம், மாட்சயன்ஸ், திறக்கப்பட்டது. ஒரு விருந்துக்கு இப்படியொரு பலன் கிடைத்தது உலக வரலாற்றில் அபூர்வம். திறப்பு விழாவில் அல்லாடி ஆற்றிய உரையின் தலைப்பு ‘அற்புதம் நிகழ்ந்துவிட்டது’. தான் ஆரம்பித்த நிறுவனத்தைத் தானே அற்புதம் என்று அறிவிக்க ஒரு தைரியம் வேண்டும். அறுபது வருஷம் தாண்டியும் அது நடக்கிறது என்பதால் மன்னித்துவிடலாம்.

1983-ல் அல்லாடி ஓய்வு பெற்ற பிறகு, தரமணி சி.ஐ.டி. வளாகத்தில் கழகத்தின் இயக்குநர் நாற்காலிக்கு வந்தவர் சுதர்சன். ஒரு கால் டெக்சாஸில், ஒரு கால் தரமணியில். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருப்பது குவாண்டம்காரர்களுக்குச் சகஜம்தான். ஆனால் கையெழுத்துக்கு ஃபைல் வைத்துக்கொண்டு காத்திருக்கும் குமாஸ்தாவுக்கு அந்தத் தத்துவம் புரியாது. ஐந்தாண்டுக் காலம் இப்படியே பறந்து பறந்து, கழகத்தை வளர்த்தும்விட்டார்.

பிற்பாடு அதே தரமணியிலிருந்து 2000-ல் ஆர். சைமன் ஒரு கட்டுரை எழுதினார். இரண்டு ஒளிக்கற்றைகள் குவாண்டம் முறையில் பின்னிப் பிணைந்திருக்கின்றனவா இல்லையா என்று சோதிக்க ஓர் அளவுகோல். பத்திரிகையின் அதே இதழில் டுவான் குழுவினரும் தனியாக அதையே கொடுத்திருந்தார்கள். ஆகா, மறுபடியும் தகராறா? இல்லை. உலகம் சமர்த்தாக ‘டுவான்-சைமன்’ என்று இரண்டு பெயரையும் சேர்த்துக்கொண்டது. சுபம் போட்டுவிடலாம் என்று பார்த்தால், டுவான் குழுவில் மொத்தம் நாலு பேர். மற்ற மூவர் பெயர் அந்த அளவுகோலில் இல்லை.

இதற்கு மேல் நான் சொல்ல வந்தது ஒன்றுதான். சுதர்சன் சட்டையை மடித்துவிட்டு நின்ற வழக்குகள் இரண்டு. வீக் ஃபோர்ஸ், லேசர் ஒளி. இரண்டிலும் தோல்வி. யாரும் சண்டைக்கே வராத ஒரு சரக்கு அவர் பையில் இருந்தது. 1961-ல் வந்த கட்டுரை. தனியாக இல்லாத குவாண்டம் அமைப்பு, அதாவது நிஜ உலகத்தில் இருக்கிற எதுவும், ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குப் போக என்னென்ன வழிகள் உண்டு? அத்தனை வழியையும் ஒரே அணிக்குள் அடக்கி எழுதினார்கள். அன்றைக்கு அதைத் திருட யாருக்கும் தோன்றவில்லை. திருடி எங்கே கொண்டுபோய் விற்பது?

இன்று குவாண்டம் தகவலியல்காரர்கள் அதை ‘சேனல்’ என்கிறார்கள். குவாண்டம் கம்ப்யூட்டரில் க்யூபிட் ஏன் கெடுகிறது, எவ்வளவு கெடுகிறது, எப்படித் தட்டிச் சரிசெய்வது என்று மண்டையை உடைக்கிற எஞ்சினியர்கள் காலையில் எழுந்தவுடன் தொடுகிற கணக்கு அதுதான். நோபலுக்காக அவர் கண் பூத்துக் காத்திருந்த இரண்டும் பாடப் புத்தகத்தில் நிதானமாகிவிட்டன. ஒரு கடிதம்கூட எழுதாமல் விட்ட இதுதான் தினமும் வேலைக்குப் போய் வருகிறது. அதில் வரும் ஆபரேட்டர்களுக்கு என்ன பெயர் என்கிறீர்கள்? ‘கிராஸ் ஆபரேட்டர்கள்.’ ஜெர்மன்காரர் கார்ல் கிராஸ், 1971.

சுதர்சனுக்கு அநியாயம் என்று கொடி பிடிக்கிற கோஷ்டி இதற்கும் உடனே கிளம்பிவிடும். ‘அது சுதர்சன் கட்டுரை ஐயா!’ கட்டுரையைத் திறந்து பார்த்தால் மூன்று பெயர்கள். சுதர்சன், பி.எம். மேத்யூஸ் (ஈரோட்டுக்காரர் இல்லை, இவர் வேறு மேத்யூஸ்), ஜெயசீதா ராவ். பெயரைத் தின்றுவிட்டார்கள் என்று அழுகிற வீட்டிலேயே இரண்டு பெயர் அஜீரணம். ஃபெய்ன்மேனுக்கு எதிராக முழங்கும்போது மார்ஷக் இருக்கிறாரே என்று யாராவது நினைத்தார்களா? ஜீனோ கதையில் மிஸ்ராவை? மேடைக்கு மூன்று பேர் மட்டும் என்று நோபல் கமிட்டி வைத்திருக்கிற விதியை எல்லாரும் திட்டுகிறோம். நாம் வைத்திருக்கிற விதியில் ஒருவருக்குத்தான் இடம்.

சுதர்சனுக்கு 1976-ல் பத்ம பூஷண், 2007-ல் பத்ம விபூஷண். 2010-ல் அந்த டிராக் பதக்கம், கபிபோவோடு சேர்த்து. வி மைனஸ் ஏ-யைப் பூர்த்தி செய்தவர் என்று ஃபெய்ன்மேன் சொன்னாரே, அதே கபிபோ. 2008-ல் தன் வேலையின் மேல்மாடியைக் கட்டிய இரண்டு ஜப்பானியர்களுக்கு நோபல் போனதைப் பார்த்துக்கொண்டிருந்தவர். இரண்டு கீழ்த்தளக்காரர்களுக்கு ஒரே பதக்கம் என்று முடிவு செய்த கமிட்டிக்கு நகைச்சுவை உணர்வு உண்டு. 2018 மே மாதம் சுதர்சன் டெக்சாஸில் காலமானார். மறுநாள் பத்திரிகைகளில் மறக்காமல் ‘ஒன்பது முறை’ வந்துவிட்டது.

அந்த 1961 கட்டுரையின் பி.எம். மேத்யூஸ் என்ன ஆனார்? அல்லாடியின் ஆரம்பகால மாணவர். சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே, சைதாப்பேட்டை பாலத்தைத் தாண்டினால் வருகிற கிண்டி வளாகத்தில், தியரிட்டிக்கல் பிசிக்ஸ் பேராசிரியர். வாழ்நாளின் பின்பாதியில், பூமி தன் அச்சில் சுற்றும்போது போடுகிற சின்னச் சின்னத் தலையாட்டலைக் கணக்குப் போட உட்கார்ந்தார். ஹெர்ரிங், பஃபெட் என்ற இருவரோடு சேர்ந்து அவர் கொடுத்த மாதிரியைத்தான் சர்வதேச வானியல் ஒன்றியம் அதிகாரபூர்வக் கணக்காக எடுத்துக்கொண்டது. பெயர் எம்.எச்.பி. 2000. புது பைக் மாடல் மாதிரி இருக்கிறதே என்று பார்க்காதீர்கள். எம் என்றால் மேத்யூஸ். மூன்று பேரில் அவர் எழுத்துதான் முதலில்.

பூமியே தலையாட்டி ஒப்புக்கொண்ட மனிதர். ஆனால் தமிழ்நாட்டு எம்.எஸ்ஸி. பிசிக்ஸ் மாணவர்களுக்கு அவர் ‘மேத்யூஸ்-வெங்கடேசன்’ என்ற குவாண்டம் பாடப் புத்தகத்தின் அட்டையில் இருக்கும் பாதிப் பெயர். அதையும் பரீட்சைக்கு முந்தின ராத்திரிதான் சொல்வார்கள், கூடவே வேறு சில வார்த்தைகளும் சேர்த்து.